ரிமைண்டர் சார்

எந்த ஆபீசுக்குப் போனாலும் இவர் இருப்பார். பெயர் இடத்துக்கு இடம் மாறும். எங்கள் ஆபீசில் ரிமைண்டர் சார். அவர் அனுப்பிய மெயில் உங்கள் இன்பாக்ஸுக்கு வந்து சேர்வதற்குள் அவரே உங்கள் சீட்டுக்கு வந்து சேர்ந்திருப்பார்.

"ஒரு மெயில் போட்டிருக்கேன், பாத்தீங்களா?"

"இன்னும் இல்ல சார், இப்பப் பாக்கறேன்."

"மெதுவாப் பாருங்க. அவசரம் ஒண்ணும் இல்ல."

சொல்லிவிட்டு அங்கேயே நிற்பார். நாம் திறந்து படிக்கும்போது தோளுக்குப் பின்னால் குனிந்து அவரும் சேர்ந்து படிப்பார். இரண்டாவது பாரா வந்ததும் பொறுக்காது. "அதாவது, என்ன சொல்ல வர்றேன்னா..." என்று முழு மெயிலையும் வாயால் ஒப்பிப்பார். பிறகு சீட்டுக்குத் திரும்பி, "சற்றுமுன் நேரில் பேசியபடி" என்று ஆரம்பித்து அதையே இன்னொரு மெயிலாகத் தட்டிவிடுவார். அதற்கும் ஒரு "பாத்தீங்களா" உண்டு. அது வாட்ஸ்அப்பில் வரும்.

சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. ஒன்று எழுதாவிட்டால் இன்னொன்று. ஊருக்குப் போகிறார் என்றால் ரயில் டிக்கெட் எஸ்.எம்.எஸ்.ஸாக இருக்கும், ஸ்கிரீன்ஷாட்டாக இருக்கும், நான்காக மடித்த பிரிண்ட் அவுட்டாகவும் இருக்கும். டி.டி.இ. தன் கையிலிருக்கும் டேப்லெட்டில் பேரைப் பார்த்து டிக் அடித்துவிட்டு அடுத்த பெர்த்துக்கு நகர்ந்தால், "சார், என் டிக்கெட்டைப் பாக்கவே இல்லையே" என்று பின்னாலேயே போவார். வீட்டைப் பூட்டினால் பூட்டைப் பிடித்துத் தொங்கிப் பார்ப்பார். இது பரவாயில்லை, நம்மில் பலரும் செய்வதுதான். இவர் பூட்டை ஃபோட்டோவும் எடுத்துக்கொள்வார்.

இதையெல்லாம் வைத்து ஆளை அசடு என்று எடை போட்டுவிடக் கூடாது. வேலையில் கெட்டி. ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் படுத்துக்கொண்டால் முதலில் எழுந்து உட்காருபவர் இவர்தான். மற்ற எல்லாவற்றையும் தாங்குவார். பதில் வராமல் இருப்பதை மட்டும் தாங்க மாட்டார். எதிராளி படித்துக்கொண்டிருக்கலாம், யோசித்துக்கொண்டிருக்கலாம், டீ குடிக்கப் போயிருக்கலாம் என்பதெல்லாம் இவர் கணக்கில் வராது. பதில் வரவில்லையா, மெயில் போகவில்லை. தீர்ந்தது விஷயம். இன்னொன்று அனுப்ப வேண்டியதுதான்.

ஒரே மெயில் இரண்டு தடவை வந்தால் குடி முழுகிவிடாது. ஒன்றைப் படித்து, ஒன்றை அழித்துவிட்டுப் போகலாம். வில்லங்கம் எங்கே என்றால், இவருடைய இரண்டாவது மெயில் ஒருநாளும் முதல் மெயில் மாதிரி இருக்காது. அனுப்பியதையே திரும்ப அனுப்புவது மரியாதை இல்லை என்பது இவர் எண்ணம். புதிதாக உட்கார்ந்து எழுதுவார். எழுதும்போது கை சும்மா இருக்குமா? மூன்று மணி மூன்றரை ஆகும். "முடிந்தால்" என்பது "கட்டாயம்" ஆகும். முதல் மெயிலைப் படித்தவர்கள் ஒரு கட்சி, இரண்டாவதைப் படித்தவர்கள் ஒரு கட்சி. இரண்டையும் படித்த அப்பாவிகள் சுயேச்சைகள். மீட்டிங் அறை வாசலில் மூன்றேகால் மணிக்கு நிற்பவர்கள் அவர்கள்தான்.

பிரியாணிக் கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஒரு புராஜெக்ட் நல்லபடியாக முடிந்ததற்கு டீமுக்கு மதியச் சாப்பாடு, கம்பெனி செலவு. ரிமைண்டர் சார் காலையிலேயே அட்மின் மேடத்துக்கு மெயில் போட்டார்: "நாற்பது பேருக்கு பிரியாணி, அதில் 12 வெஜ்." அரை மணி நேரம் பதில் இல்லை. மேடம் அந்த நேரத்தில் கடைக்காரரோடு ஃபோனில் பேரம் பேசிக்கொண்டிருந்தார், இதே ஆர்டருக்குத்தான். அது இவருக்கு எப்படித் தெரியும்? அட்மினில் இருக்கும் இன்னொரு தம்பிக்கு இரண்டாவது மெயில் பறந்தது. இந்த முறை சுருக்கமாக: "40 பிரியாணி, 12 வெஜ். அவசரம்."

தம்பி வேலைக்குப் புதுசு. அவசரம் என்று போட்டிருந்ததால் யாரையும் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. நாற்பது சிக்கன், தனியாகப் பன்னிரண்டு வெஜ் என்று தனக்குத் தெரிந்த கடையில் சொல்லிவிட்டான். மேடம் சொன்னது இருபத்தெட்டு சிக்கன், பன்னிரண்டு வெஜ். மதியம் லிஃப்ட் கதவு திறந்தபோது மேடத்தின் திண்டுக்கல் பிரியாணியும் தம்பியின் ஆம்பூர் பிரியாணியும் ஒன்றை ஒன்று முறைத்துக்கொண்டு இறங்கின. மொத்தம் 92 பொட்டலம். இரண்டு பேரும் அவரவருக்கு வந்த மெயிலைத் திறந்து காட்டினார்கள். இரண்டு பேரும் சொன்னபடிதான் செய்திருந்தார்கள்.

செக்யூரிட்டி அண்ணன்கள் சாப்பிட்டார்கள். கேப் டிரைவர்கள் சாப்பிட்டார்கள். அதே மாடியில் எதிர் ஆபீஸ்காரர்கள், அதுவரை லிஃப்டில் எங்களைப் பார்த்து ஒரு சிரிப்புகூடச் சிரிக்காதவர்கள், கத்திரிக்காய்த் தொக்கு இன்னும் இருக்கிறதா என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். ரிமைண்டர் சார் மட்டும் இலைக்கு வரவில்லை. சீட்டில் உட்கார்ந்து எல்லோருக்குமாக ஒரு மெயில் எழுதிக்கொண்டிருந்தார்: "இன்று ஏற்பட்டதுபோன்ற தகவல் குழப்பங்களைத் தவிர்க்க, இனி எல்லா மெயில்களுக்கும் உடனுக்குடன் பதில் அனுப்பவும்." அது எங்களுக்கு இரண்டு தடவை வந்தது.

இவருடைய இன்னொரு ஆயுதம், "எனது முந்தைய மெயிலைப் பொருட்படுத்த வேண்டாம்." அதுவரை முந்தைய மெயிலை யார் பொருட்படுத்தினார்கள்? இந்த வரியைப் பார்த்த பிறகுதான் ஆபீஸே அதைத் தேடி எடுத்துப் படிக்கும். என்ன தப்பு செய்திருப்பார் என்று பார்க்கும் ஆவலில் சாதாரண மெயிலுக்குக் கிடைக்காத வாசகர் கூட்டம் அதற்குக் கிடைக்கும். பெரும்பாலும் தப்பு ஒன்றும் இருக்காது. ஒரு அட்டாச்மென்ட் விட்டுப்போயிருக்கும். இரண்டாவது மெயிலிலும் அது விட்டுப்போயிருக்கும்.

இந்த இடத்தில் அவருக்காகக் கொஞ்சம் வாதாட வேண்டியிருக்கிறது. ஏனென்றால் மெயிலைக் கொண்டுபோகும் கம்ப்யூட்டருக்கும் இதே குணம்தான். 1982-ல் ஜான் போஸ்டல் எழுதிவைத்த எஸ்.எம்.டி.பி. விதிகளின்படிதான் அடிப்படையில் இன்றும் மெயில் போகிறது. ஒரு மெஷின் கடிதம் முழுவதையும் வரி வரியாகச் சொல்லும். கடைசி வரியில் ஒரே ஒரு புள்ளியை வைக்கும். முடிந்தது என்று அர்த்தம். எதிர்முனை மெஷின் "250" என்று பதில் சொல்லும். கிடைத்தது, இனி என் பொறுப்பு என்று அர்த்தம். புள்ளிக்கும் 250-க்கும் நடுவில் இருக்கும் அந்த இடைவெளிதான் வம்பு. வாங்கிக்கொண்ட மெஷின் பதில் சொல்வதற்கு முன்னால் கடிதத்தை நூறு பேருக்குப் பிரித்துப் போடும் வேலையில் இறங்கிவிட்டால், அனுப்பிய மெஷின் காத்திருந்து காத்திருந்து, போய்ச் சேரவில்லை என்று முடிவுகட்டி லைனைத் துண்டித்துவிடும். கொஞ்ச நேரம் கழித்து முதலிலிருந்து மறுபடி அனுப்பும். நூறு பேருக்கும் இரண்டு இரண்டு கடிதம்.

இது அந்தக் காலத்திலேயே பெரிய தொல்லையாக இருந்திருக்கிறது. 1988 பிப்ரவரியில் கிரேக் பார்ட்ரிட்ஜ் என்பவர் இதற்கென்றே மூன்று பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதினார். ஆர்.எஃப்.சி. 1047 என்பது அதன் எண். வைத்தியம் எளிது: வாங்கியவர் முதலில் "கிடைத்தது" என்று சொல்லிவிடட்டும், பிரித்துக் கொடுக்கும் வேலையை அப்புறம் பார்த்துக்கொள்ளட்டும். அடுத்த வருஷம் வந்த விதிகளில், புள்ளி வைத்த பிறகு பதிலுக்காகப் பத்து நிமிஷமாவது பொறுத்திருங்கள் என்று அனுப்பும் பக்கத்துக்கும் அறிவுரை சேர்ந்தது. இரும்புப் பெட்டிக்குப் பத்து நிமிஷப் பொறுமை. நம் சாருக்கு அதில் பாதி இருந்தால் போதும், 52 பிரியாணி மிச்சம்.

எங்கள் டீம் பையன்கள் இந்த மூன்று பக்கத்தைப் படித்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. ஆனால் அதே வைத்தியத்தைத் தாங்களாகவே கண்டுபிடித்தார்கள். ரிமைண்டர் சாரிடமிருந்து மெயில் வந்த நொடியே, திறக்காமல், "நோட்டட் சார்" என்று ஒரு பதில். வேலை அப்புறம். ஒருவன் அதை ஆட்டோமேட்டிக் ஆகவே போட்டுவைத்திருந்தான். இரண்டு வாரம் ஆபீஸ் அமைதியாக இருந்தது. யார் சீட்டுக்குப் பின்னாலும் யாரும் நிற்கவில்லை. சாருக்கும் முகத்தில் ஒரு களை வந்திருந்தது.

பிறகு ஒரு வியாழக்கிழமை அவர் டீமில் ஐந்து பேரிடம் கேட்டிருந்தார்: "வெள்ளி இரவு 12 மணிக்கு சர்வரை ரீஸ்டார்ட் செய்யலாமா, வேண்டாமா? உங்கள் கருத்தைச் சொல்லவும்." ஐந்து பேரிடமிருந்தும் "நோட்டட் சார்."

கேள்விக்கு நோட்டட் என்றால் அது ஆமாவா, இல்லையா? சார் ஆமா என்று எடுத்துக்கொண்டார். அது போகட்டும். வெள்ளி இரவு 12 மணி என்பது எந்த ராத்திரி? வியாழன் முடிந்து வெள்ளி பிறக்கும் பன்னிரண்டா, வெள்ளி முடிந்து சனி பிறக்கும் பன்னிரண்டா? 23.55, 00.05 என்று நேரம் போடும் ரயில்வேக்காரர்களுக்கு இந்தச் சங்கடம் வராது. ரயில் டிக்கெட்டை மூன்று வடிவத்தில் வைத்திருப்பவருக்கு அந்த நுணுக்கம் மட்டும் பிடிபடவில்லை. ஒரு பையன் வியாழன் ராத்திரி ரீஸ்டார்ட் செய்தான். இன்னொருவன் வெள்ளி ராத்திரி செய்தான். தெய்வாதீனமாக, ரீஸ்டார்ட் என்பது இரண்டு தடவை செய்தாலும் கெட்டுப்போகாத வேலை. பிரியாணி அப்படி இல்லை.

அன்றிலிருந்து நோட்டட் மட்டும் செல்லாது என்று ஆகிவிட்டது. "நோட்டட், படித்தேன், புரிந்தது" என்று எழுத வேண்டும். அதற்கு அவர் "நன்றி" போடுவார். நன்றிக்கு நாம் ஒன்றும் சொல்லாமல் விட்டால், நன்றி போய்ச் சேர்ந்ததோ இல்லையோ என்று அவருக்கு உறுத்தும். "வெல்கம் சார்" போட வேண்டும். அதற்கு ஒரு கட்டைவிரல் வரும்.

இந்தச் சங்கிலிக்கு முடிவே கிடையாது என்பதைக் கணினி அறிவியல் ஒப்புக்கொண்டு பல வருஷம் ஆகிறது. 1975-ல் ஒரு ஆய்வுக் கட்டுரையில் வந்த கணக்கு. 1978-ல் ஜிம் கிரே அதற்கு இரண்டு தளபதிகள் என்று பேர் வைத்தார். பள்ளத்தாக்கில் எதிரி. இந்தக் குன்றில் ஒரு தளபதி, அந்தக் குன்றில் ஒரு தளபதி. சேர்ந்து தாக்கினால் வெற்றி, தனியாகப் போனால் சாவு. தூதன் பள்ளத்தாக்கு வழியாகத்தான் போக வேண்டும், வழியில் பிடிபடலாம். "விடிகாலையில் தாக்குவோம்" என்று ஒருவர் சொல்லி அனுப்புகிறார். அது போய்ச் சேர்ந்ததா என்று தெரிய வேண்டும். பதில் வந்தால், அந்தப் பதில் வந்து சேர்ந்தது என்பது மற்றவருக்குத் தெரிய வேண்டும். எத்தனை தூதனை அனுப்பினாலும் இரண்டு பேருக்கும் ஒருசேர நிச்சயம் ஏற்படாது என்பது நிரூபிக்கப்பட்ட விஷயம். விடிந்துவிடும், வெயில் ஏறிவிடும், இவர்கள் கட்டைவிரல் காட்டிக்கொண்டிருப்பார்கள். இந்தக் கதையை ரிமைண்டர் சாருக்கு ஒருநாள் கேன்டீனில் விளக்கிச் சொன்னேன். கவனமாகக் கேட்டார். "ஒரு தளபதி நேர்லயே போயிருக்கலாமே" என்றார்.

எல்லோருக்கும் பதில் அனுப்பும் அந்தப் பட்டனைப் பற்றியும் சொல்ல வேண்டும். இவருக்குத் தனியாகப் பதில் போடத் தெரியாது என்றில்லை. சாட்சி வேண்டும். லீவு கேட்ட பையனுக்கு "ஓகே" என்று அனுப்புவதையும் அறுபது பேர் பார்ப்பார்கள். பார்த்தவர்களில் நான்கு பேர், "இது எனக்கு எதற்கு?" என்று கேட்பார்கள், அதே அறுபது பேருக்கும். "தயவுசெய்து எல்லோருக்கும் அனுப்பாதீர்கள்" என்று ஒருவர் எல்லோருக்கும் அனுப்புவார். படித்தவர்கள் இப்படிச் செய்வார்களா என்று கேட்கக் கூடாது. மெயில் மென்பொருள் விற்கும் மைக்ரோசாஃப்டிலேயே 1997 அக்டோபர் 14-ஆம் தேதி இதுதான் நடந்தது. சோதனைக்காகச் செய்த ஒரு பட்டியலில் சுமார் 13,000 ஊழியர்கள். அதில் தன் பேர் இருப்பதைப் பார்த்த ஒருவர், என்னை எடுத்துவிடுங்கள் என்று அத்தனை பேருக்கும் எழுதினார். "என்னையும்" என்று அடுத்தவர் எழுதினார். "என்னையும்", "என்னையும்" என்று கிளம்பி, ஒரு மணி நேரத்தில் ஒன்றரைக் கோடி மெயில் சுற்றியதாக அந்தக் கம்பெனியின் மெயில் குழுவே பின்னால் எழுதிவைத்தது. அந்தப் பட்டியலில் நம் சார் இல்லை. இருந்திருந்தால் மற்றவர்கள் மெயில் கிடைத்ததா என்றும் விசாரித்திருப்பார்.

இந்தக் குணம் இவருக்கு அப்பா வழிச் சொத்து என்பது வீட்டுக்குப் போனபோது தெரிந்தது. அவர் அப்பா எதையும் ரிஜிஸ்டர் தபாலில்தான் அனுப்புவாராம், அதுவும் ஏ.டி.யோடு. எதிராளி கையெழுத்துப் போட்டுத் திரும்பி வரும் அந்த அட்டைகளை வருஷவாரியாக ரப்பர் பேண்ட் போட்டு ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருக்கிறார்கள். என்ன அனுப்பினார், எதற்கு அனுப்பினார் என்று இப்போது யாருக்கும் தெரியாது. கிடைத்தது என்பதற்கு மட்டும் அத்தாட்சி இருக்கிறது. 2025-ல் பதிவுத் தபாலை விரைவுத் தபாலோடு இணைத்துவிட்டார்கள் என்று செய்தி வந்த அன்று சார் ஆபீசில் யாரோடும் பேசவில்லை. செய்தியை மட்டும் எல்லோருக்கும் அனுப்பினார்.

யோசித்தால், நம் ஊரில் ஒரு தடவை சொன்னால் அது சொன்னதாகவே ஆவதில்லை. கல்யாணப் பத்திரிகை தபாலில் வந்தால் போதுமா? நேரில் வந்து, தட்டில் வைத்து, குங்குமம் கொடுத்துக் கூப்பிட வேண்டும். கூப்பிட்ட பிறகும் முதல் நாள் ஒரு ஃபோன் அடிக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் பெரியப்பா முகூர்த்தத்துக்கு வந்து சாப்பிடாமல் போய்விடுவார். இந்த மண்ணில் வளர்ந்தவர் ஒரே ஒரு மெயிலை அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்குவார் என்று எதிர்பார்ப்பதே அநியாயம்.

அவர் மகள் கல்யாணத்துக்கு எங்களுக்குப் பத்திரிகை நேரில் வந்தது, மெயிலில் வந்தது, வாட்ஸ்அப்பில் நாதஸ்வரத்தோடு வீடியோவாக வந்தது. கடைசியாக ஆபீஸ் காலண்டரில் மீட்டிங் அழைப்பாகவும் வந்தது. ஞாயிறு காலை 6 மணி முதல் 7.30 வரை, இடம்: மண்டபம், பதினைந்து நிமிஷம் முன்னால் மணி அடிக்கும். நியூஜெர்சியில் இருக்கும் எங்கள் டீம்காரருக்குக் காலண்டர் தன்னால் நேரத்தை மாற்றி, சனிக்கிழமை ராத்திரி எட்டரை என்று காட்டியிருக்கிறது. "என்ன சார், ராத்திரி முகூர்த்தமா? மாப்பிள்ளை வீடு தெலுங்கா?" என்று அவர் எல்லோருக்கும் பதில் போட்டுவிட்டார். சம்பந்தி வீட்டார் ஒருவரும் அந்த மெயிலில் இருந்தார். அதைத் தெளிவுபடுத்த நான்கு மெயில்.

இது ஒன்றுமில்லை. டெஸ்டிங்கில் ஒரு பெண், ஞாயிற்றுக்கிழமை காலங்காத்தால மணி அடிக்கப் போகிறதே என்று, அழைப்பில் இருந்த "மறுக்கிறேன்" பட்டனை அமுக்கிவிட்டாள். அரை நிமிஷத்தில் சார் அவள் சீட்டுக்குப் பின்னால் நின்றார். குரலே எழும்பவில்லை.

"என் பொண்ணு கல்யாணத்தை டிக்ளைன் பண்ணிட்டியேம்மா."

அந்தப் பெண் அழாத குறை. அவள்தான் அன்றைக்கு மண்டபத்தில் முதல் ஆள். வாசலில் சந்தனம் கொடுக்கும் தட்டுகூட இன்னும் வந்திருக்கவில்லை.

போன மாதம் சார் புது ஃபோன் வாங்கினார். அந்த பிரியாணித் தம்பிதான் பழைய ஃபோனிலிருந்து எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்தான். செட்டிங்ஸில் எதையோ பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"சார், உங்களுக்கு புளூ டிக் ஆஃப்ல இருக்கே?"

"நான்தான் தம்பி ஆஃப் பண்ணி வெச்சிருக்கேன். ஆன்ல இருந்தா, படிச்சாச்சே, ஏன் பதில் போடலன்னு அவனவன் உயிரை எடுக்கிறான்."

"இல்ல சார், நீங்க ஆஃப் பண்ணிட்டா, மத்தவங்க படிச்சாலும் உங்களுக்கு புளூ டிக் காட்டாது."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப, தனியா அனுப்பினதெல்லாம் இத்தனை நாளா எல்லாரும் படிச்சுக்கிட்டுதான் இருந்தாங்களா?"

"இருந்திருப்பாங்க சார். ஆன் பண்ணிடவா?"

கொஞ்ச நேரம் யோசித்தார்.

"வேண்டாம், அப்படியே இருக்கட்டும். நான் ஃபோன் பண்ணியே கேட்டுக்கறேன்."